தழும்பு இல்லாத கழுத்து

வியாழக்கிழமை காலை பேப்பரைப் பிரித்தேன். உள்ளேயிருந்து உன் முகம் தரையில் விழுந்தது.

வழுவழுப்பான துண்டுத்தாள். மேலே பெரிய எழுத்தில், "தைராய்டு புற்றுநோயை வென்ற ஆசிரியை". கீழே ஒரு ஸ்கேன் சென்டரின் பெயர், முழு உடல் பரிசோதனை, முன்பதிவு செய்ய ஒரு எண். நடுவில் நீ. பச்சைச் சுங்குடிப் புடவை, கனகாம்பரம், பல் தெரியச் சிரிப்பு. குனிந்து எடுக்கும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. உன் கழுத்தில் தழும்பு இல்லை.

உனக்குத் தழும்பு உண்டு. சங்கிலி கிடக்கிற இடத்தில், குறுக்காக. கடைசி ஆறு வருஷம் முந்தானையை இழுத்து மூடியே திரிந்தாய். அப்படியானால் இந்தப் படம் ஆபரேஷனுக்கு முந்தியது. முகாம் நடந்த அன்று, கல்யாண மண்டபத்தில், ஸ்கேன் வரிசையில் முதல் ஆளாக நீ நின்றபோது எடுத்தது. கத்தி படாத கழுத்தைக் காட்டி, கத்தியால் பிழைத்தவள் என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் நீ செத்து ஒரு வருஷம் ஆகப்போகிற நேரத்தில்.

தாளில் அச்சு மையின் வாடை இன்னும் போயிருக்கவில்லை. எனக்குக் குமட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, சமையல்கட்டுத் தொட்டிக்கு ஓடினேன். இன்று ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தாள் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது. மூன்று நாளாக நடந்ததை எல்லாம் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஆறாம் வகுப்பில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில் தொடங்கியது நம் பழக்கம். செல்லூரில் உங்கள் சந்தில் இரண்டு பக்கமும் பவர்லூம். தறிச் சத்தத்துக்கு மேலே பேசினால்தான் காதில் விழும் என்பதால் உங்கள் வீட்டில் 'தண்ணி கொடு' என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்வார்கள். வகுப்பில் நீ பதில் சொன்னால் பக்கத்து வகுப்புச் சிஸ்டர் எட்டிப் பார்ப்பார். பிறகு அதே பள்ளிக்கூடத்தில் நீ கணக்கு டீச்சர் ஆனாய். கல்யாணம் முடிந்து திருநகருக்குப் போனாய். நான் புற்றுநோய்ப் பதிவேட்டு வேலையில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், யாருக்கு, எந்த வயதில், எந்த ஊரில், எந்த வகைப் புற்றுநோய் என்று படிவத்தில் எழுதிக்கொண்டு வருவது. "நல்ல வேலைதான்டி பாத்த. சித்திரகுப்தன் வேலை" என்று நீ சிரிப்பாய்.

அந்தப் படிவங்களைச் சேர்த்து எங்கள் அலுவலகத்தில் ஒரு மேப் போட்டிருந்தோம். தைராய்டு புற்றுநோய் எந்தப் பக்கம் அதிகம், எந்தப் பக்கம் குறைவு என்று நிறத்தில் காட்டுகிற மேப். நகரமும் திருநகர்ப் பக்கமும் அடர் சிவப்பு. திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல்காட்டு ஊர்கள் இருக்கிற இடம் வெள்ளை. சிவப்பில் இருந்தவை பெரும்பாலும் பாப்பிலரி என்கிற வகை, அதிலும் கடுகளவு, மிளகளவு. வெள்ளைப் பக்கத்திலிருந்து எப்போதாவது ஒருவர் வருவார். வருகிறவரின் கழுத்தில் இருப்பது பெரிதாக இருக்கும், ஃபாலிகுலர் என்கிற வேறு வகையாக இருக்கும். வயதானவர்களுக்கு, இருந்தாற்போல் வீங்கி ஓரிரு மாதத்தில் ஆளை முடித்துவிடுகிற அனாபிளாஸ்டிக்காகவும் இருக்கும்.

இதற்கு என்ன காரணம் என்று பதிவேட்டுக்குப் பொறுப்பான எங்கள் டாக்டர் ஒரு மத்தியானம் எனக்குப் பொறுமையாக விளக்கினார். சின்னப் பாப்பிலரி எத்தனையோ பேர் கழுத்தில் ஆயுள் முழுக்கச் சத்தமில்லாமல் கிடக்கும். ஸ்கேன் மெஷின் எங்கே நிறைய இருக்கிறதோ அங்கே அது நிறையக் கண்ணில் படும். உப்பில் அயோடின் சேராத ஊர்களில் கழலை அதிகம், ஃபாலிகுலரும் அங்கேதான் கூடுதல். சின்ன வயதில் கழுத்தில் கதிர்வீச்சு பட்டால் பாப்பிலரி வரலாம், அது நன்றாகத் தெரிந்த காரணம். மெடுல்லரி என்று ஒன்று சில குடும்பங்களில் வழிவழியாக வரும். மிச்சத்துக்கெல்லாம் இன்னும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். "இந்தச் சிவப்பப் பாத்து நோய் இங்கதான் இருக்குன்னு நெனச்சுராதீங்கம்மா. நம்ம இங்கதான் தேடியிருக்கோம்" என்றார்.

நன்றாகக் கேட்டுக்கொண்டேன். எல்லாம் தெரிந்துதான் அந்த மேடையில் ஏறினேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்கேன் சென்டர்க்காரர்கள் என் வீட்டுக்கே வந்தார்கள். திருநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழிப்புணர்வு முகாம், இலவசக் கழுத்து ஸ்கேன். "மேடம், நீங்க ரெண்டு வார்த்தை பேசுனா ஜனங்க நம்புவாங்க." அலுவலகத்தில் நான் அனுமதி கேட்கவில்லை. மேப்பின் கலர்ப் பிரதி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பொன்னாடை போட்டார்கள். இருபத்தைந்து வருஷமாகப் படிவம் எழுதியவளுக்கு முதல் பொன்னாடை. மேப்பைத் திரையில் போட்டு, "இதோ பாருங்க, நம்ம திருநகர்ப் பக்கம்தான் இம்புட்டுச் சிவப்பா இருக்கு" என்றேன். மண்டபம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது, கூட்டம் ஒன்றாக மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். எனக்கு அது பிடித்திருந்தது. டாக்டர் சொன்ன அடுத்த பாதியை அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தச் சத்தம் கலைந்துவிடும் என்று தெரியும். சொல்லாமல் இறங்கினேன்.

நீ முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாய். ஸ்கேனுக்கு வரச் சொன்னபோது யாரும் எழவில்லை. பொம்பளைகள் முந்தானையை விலக்கக் கூச்சப்பட்டார்கள். என் கூட்டம் தோற்றுப்போகக் கூடாது என்று நீதான் எழுந்தாய்.

"என்னத்துக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு? மொதல்ல நான் போறேன். எல்லாரும் எம் பின்னாடி வாங்க."

மைக் தேவைப்படாத குரல். மண்டபமே எழுந்து உன் பின்னால் வந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். அப்போது ஒருவர் கேமராவைத் தூக்கினார். அந்தச் சிரிப்புத்தான் இப்போது என் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது.

உன் கழுத்தில் நாலு மில்லிமீட்டரில் ஒரு புள்ளி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். பாப்பிலரி. அவர்கள் கைகாட்டிய சர்ஜன், "கேன்சர்னா கேன்சர்தான் மேடம். எடுத்துட்டா ஒரு பயமும் இல்ல" என்றார். நீ நேராக என் வீட்டுக்கு வந்தாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"ஏண்டி, தெனமும் இதையே பாக்குறவ நீதான. வெட்டவா, வேணாமா? நீ சொன்னாச் சரி."

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கலாம், பெரிதானால் எடுக்கலாம், எங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மேடையில் விட்ட பாதியையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். ஒருவேளை இதுவே பரவுகிற அபூர்வ ரகமாக இருந்துவிட்டால் என்ற பயமும் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. முதல் காரணம் என் வெட்கம்தான்.

"வெட்டிருடி. மனசுக்கு நிம்மதி" என்றேன். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

சுரப்பியை முழுசாக எடுத்தார்கள். அதை ஒட்டி நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறது. குரல் அதில்தான் இருக்கிறது. அது அடிபட்டுவிட்டது. "சில பேருக்கு வரும் மேடம், போகப்போகச் சரியாயிரும்" என்றார்கள். போகப்போகச் சரியாகவில்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. "சைக்கிள் டயர்ல காத்து எறங்குற மாதிரி இருக்குல்ல?" என்று என் காதில் சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்து மரத்துப் போயின. அதற்குக் கால்சியம் மாத்திரை. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, ஆயுசுக்கும். அது இறங்கி அரைமணி நேரம் கழித்துத்தான் காபி. காபி இல்லாமல் கண் திறக்காதவள் நீ.

பள்ளிக்கூடத்தில் முதல் வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உனக்காக மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னாய். இரண்டாவது வாரம் பிள்ளைகள் பிள்ளைகளாகிவிட்டார்கள். தலைமையாசிரியை சட்டைப்பித்தான் அளவு மைக் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதில் உன் காற்றுத்தான் பெரிதாகக் கேட்டது. தேர்வு வேலைகளைப் பார்க்கிற அறைக்கு மாற்றினார்கள். கேள்வித்தாள் கட்டுகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி. பக்கத்து வகுப்பில் வேறொருத்தி அல்ஜீப்ரா நடத்துவது சுவர் வழியாகக் கேட்கும், அவள் தப்பாகச் சொன்னாலும் உன்னால் கத்த முடியாது என்றாய். அன்றைக்கு மட்டும்தான் நீ அழுது பார்த்தேன்.

பிறகு காரணம் சொல்கிறவர்கள் வந்தார்கள். ஈ மொய்க்கிற மாதிரி. செல்லூரில் சாயத்தண்ணி ஓடுகிற சந்தில் வளர்ந்தவள், அதனால்தான் என்றார் உன் ஓரகத்தி. மொட்டைமாடியில் செல்போன் டவர் என்றது பக்கத்து வீடு. முட்டைக்கோசு. பிளாஸ்டிக் டப்பா. ஆசிரியர் அறையில் ஒருத்தி, "பிள்ளைக்குப் பால் குடுக்காத ஒடம்பு பாருங்க" என்று உன் காதுபடவே சொன்னாள். உன் நாத்தனார் ரோஸ் நிற உப்புப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல அயோடின் கெடையாது, தைராய்டுக்கு ரொம்ப நல்லதாம்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அயோடின் இல்லாமல்தானே அங்கே கரிசல்காட்டில் கழுத்து வீங்குகிறது? நிச்சயமாகத் தெரிந்து ஒருவரும் எதையும் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர்களைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? தெரிந்த நானே வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில்தான் கேட்டாய். பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. உன் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொடுத்தேன்.

"ஊரே காரணம் சொல்லுது. நீ மட்டும் ஒண்ணுமே சொல்லல. எதனாலடி எனக்கு வந்துச்சு?"

"தேடுனதால."

"என்னது?"

"ஸ்கேன் பண்ணதால தெரிஞ்சுச்சு. பண்ணாம இருந்தா அது அங்கனயே சும்மா கெடந்துருக்கும். எம்பது வயசுல வேற எதுலயாவது நீ செத்துருப்ப. அனேகமா."

"அனேகமாவா?"

"அனேகமா. உறுதியாச் சொல்ல யாராலயும் முடியாது."

நீ என் முகத்தையே பார்த்தாய். "இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மேடை ஏறுறதுக்கு முந்தியே."

எந்த ஊர்ப் பஸ் என்றுகூடப் பார்க்காமல் முன்னால் நின்றதில் ஏறிப் போய்விட்டாய். மூன்று மாதம் என் போனை எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரர் எடுத்து, "தூங்குறாம்மா" என்பார். பகல் பதினோரு மணிக்கு நீ தூங்கியதே கிடையாது.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் என் அலுவலக வாசலில் நின்றாய். வா என்று சொல்வதற்குள் உள்ளே வந்து சுவரில் இருந்த மேப்பில் விரலை வைத்தாய். விரல் தெற்கே இருந்தது.

"இங்கிட்டு வெள்ளையாக் கெடக்கே. இங்க யாருக்குமே கழுத்து இல்லையா?"

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நாம் போக ஆரம்பித்தோம். திருமங்கலம் போய், அங்கிருந்து டவுன் பஸ். இறங்கினால் பருத்தியும் மக்காச்சோளமும். ரேஷன் கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் நின்று பொம்பளைகளின் கழுத்தையே பார்த்தோம். மூன்றாவது ஊரில் பேச்சி கிடைத்தாள். நம் வயதுதான் இருக்கும். சேலைத் தலைப்பை விலக்கினாள். நார்த்தங்காய் அளவு.

"இது கழலை. வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து கெடக்கு. இந்த ஒரு வருசமாத்தான் வெரசாப் பெருக்குது. படுத்தா மூச்சு முட்டுது" என்றாள். அவள் வீட்டில் மூட்டையிலிருந்து அளந்து வாங்குகிற, அயோடின் சேராத கல்லுப்பு. மேலத்தெருவில் வயதான ஒருத்திக்கு இதே மாதிரி இருந்து, இரண்டே மாதத்தில் பானை மாதிரி வீங்கி, கஞ்சிகூட இறங்காமல் செத்துப்போனாளாம். யாரும் ஊசி போட்டுப் பார்க்கவில்லை. அவளுக்கு என்ன வகை என்று எந்தப் படிவத்திலும் இல்லை. என் மேப்பில் அவள் வெள்ளை நிறம்.

பேச்சி உன்னைக் கேட்டாள்: "ஒங்க தொண்டைக்கு என்னாச்சு டீச்சரு?"

"எனக்கு எடுக்க வேண்டாததை எடுத்துட்டாங்கக்கா. ஒங்களுது எடுக்க வேண்டியது. எங்கூட வாங்க."

அவள் மகன் குறுக்கே நின்றான். முரட்டு ஆள் இல்லை, பயந்த ஆள். "கத்தி வச்சா பரவிரும்னு சொல்றாய்ங்க டீச்சர். ஒங்களையே பாருங்க, பேச்சுப் போச்சுல்ல?" என்றான். உனக்கு நாங்கள் செய்ததே இன்னொருத்தியின் உயிருக்குக் குறுக்கே வந்து நின்றது. எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீ முந்தானையை இறக்கித் தழும்பைக் காட்டினாய். வேறு யாருக்கும் நீ அதைக் காட்டியதில்லை.

"நல்லாப் பாத்துக்க தம்பி. இது மாதிரி ஆகலாம், ஆகாமலும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒங்க அம்மாவுக்கு மூச்சுல்ல போய்க்கிட்டு இருக்கு?"

பெரியாஸ்பத்திரிக்கு அவளை நீதான் கூட்டிப்போனாய். வரிசையில் நின்றாய், சீட்டு வாங்கினாய், உன் காற்றுக் குரலைக் கேட்க நர்ஸ்கள் குனிந்தார்கள். எடுத்துப் பார்த்ததில் ஃபாலிகுலர். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் எலும்புக்குப் போயிருக்கும் என்றார்கள். பிறகு அயோடின் கதிர்மருந்து கொடுத்துச் சில நாள் தனி அறையில் வைத்தார்கள். நீ கதவுக்குத் தூரத்தில் நின்று கையால் பேசினாய், உள்ளேயிருந்து அவள் சத்தமாகப் பதில் சொன்னாள். அவளுக்குக் குரல் போகவில்லை. இப்போதும் பருத்தி எடுக்கப் போகிறாள்.

நீ என்னை மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்தாய். அவ்வளவுதான்.

போன ஆடியில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். மாரடைப்பு. கழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். துக்கம் கேட்க வந்தவர்கள், "தொண்டைப் புத்துதான் கொண்டுபோயிருச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு பேரைத் திருத்தினேன். மூன்றாவது ஆளிடம் விட்டுவிட்டேன். மறுவாரம் அலுவலகத்தில் உன் படிவத்தை எடுத்து இறந்த தேதியை நானே எழுதினேன். வகை, அளவு, சிகிச்சை, எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. தேவையில்லாமல் செய்தது என்று எழுத ஒரு கட்டம் இல்லை.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

தொட்டியில் முகம் கழுவிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு அந்த சென்டருக்குப் போனேன். ஏ.சி. குளிர், எலுமிச்சை வாசனை ஸ்பிரே, கண்ணாடித் தொட்டியில் மீன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"மேடம் நீங்களா! நம்ம மொதக் கேம்ப்ல பேசுனீங்களே. ஒங்க மேப்பை இன்னும் வச்சிருக்கோம் பாருங்க."

அவருக்குப் பின்னால் சுவரில் இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, மூலையில் அவர்கள் சின்னத்தை ஒட்டி. அதன் மேல் சின்னச் சின்ன நீலப் பொட்டுகள். இதுவரை முகாம் நடத்திய இடங்களாம். எல்லாப் பொட்டும் சிவப்பின் மேலேயே இருந்தன. சிவப்பு இருக்கிற இடத்தில் தேடி, தேடியதால் இன்னும் சிவப்பாக்கி. முகாம் அன்று நான் கையால் கொண்டுபோய்க் கொடுத்த தாள்.

"தெக்குப் பக்கம் ஏன் போகல?" என்றேன்.

"அங்க ஒண்ணும் இல்லையே மேடம். வெள்ளையாத்தான இருக்கு."

உன் படத்தைக் காட்டி, இவள் போன வருஷம் மாரடைப்பில் இறந்துவிட்டாள் என்றேன். நாக்கைச் சப்புக்கொட்டினார். கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்தார். "கேன்சர்ல போகலையே மேடம்? ஹார்ட்தான? அப்ப நம்ம ட்ரீட்மென்ட் சக்சஸ்தான?"

அவர் கெட்டவர் மாதிரிகூட இல்லை. மேசையில் மகளின் படம் வைத்திருந்தார். எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"படம் ஆபரேஷனுக்கு முந்தி எடுத்தது. அதுக்கப்பறம் அவளுக்குப் பேச்சே இல்ல."

"சிரிச்ச மாதிரி வேற படம் நம்மகிட்ட இல்ல மேடம். அடுத்த பிரிண்ட்ல மாத்திரலாம். நீங்க ஒண்ணு பண்ணுங்க, அடுத்த மாசக் கேம்புக்கு நீங்களே வந்து பேசுங்க."

அவரைச் சுற்றிப் போய், சுவரிலிருந்து அந்தச் சட்டத்தைக் கழற்றினேன். "மேடம், மேடம், அது ஆபீஸ் ப்ராப்பர்ட்டி" என்று பின்னாலேயே வந்தார். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றாள், தடுக்கவில்லை. ஆட்டோவில் அதை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தேன். ஐம்பத்தேழு வயதில் செய்கிற காரியமா? நீ பார்த்திருந்தால் சத்தமில்லாமல் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

வெள்ளிக்கிழமை புகார் எழுதி எங்கள் டாக்டரிடம் கொடுத்தேன். நோயாளியின் படத்தைக் கேட்காமல் போட்டது, பதிவேட்டு மேப்பை விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டது, தேவையில்லாத கழுத்துகளை எல்லாம் ஸ்கேன் பண்ணுவது, எல்லாம் எழுதியிருந்தேன். முதல் பக்கத்திலேயே அவர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல மொதல்ல மாட்டப்போறது நீங்கதாம்மா. ரிட்டையர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு. இந்த மொதப் பாராவ எடுத்துட்டு மிச்சத்த அனுப்பலாம். புகாருக்கு அது தேவையில்ல."

ஒரு நிமிஷம் ஆசை வந்தது. உன்னிடம் எதற்கு மறைக்க, வந்தது. எடுத்துவிட்டால் நான் நியாயம் கேட்கிறவள், அவ்வளவுதான். பொன்னாடை போட்ட அன்றைக்கு இருந்த அதே இதம் உடம்பில் ஏறியது. அந்த சென்டர், அந்த மேனேஜர், அந்த நோட்டீஸ் எல்லாவற்றையும்விட எனக்கு அருவருப்பானது அந்த இதம்தான். நீ போன பிறகும் என்னிடம் மிச்சமிருப்பது இந்த அருவருப்பு. இது போய்விட வேண்டும் என்று நான் பூசையில் கேட்பதில்லை. இது போய்விட்டால் நான் மறுபடி எந்த மேடையிலும் ஏறிவிடுவேன்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

அவர் அன்றே கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். நாளை காலை பத்து மணிக்கு என்னை விளக்கம் சொல்ல வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த முதல் பாரா இதுதான். நீ தெரிந்துகொள்ள வேண்டும்: "என் தோழி ஒருத்தி என் பேச்சை நம்பி ஸ்கேன் வரிசையில் முதலாவதாக நின்றாள். அவள் கேட்டபோதும் நான் உண்மையைச் சொல்லவில்லை." கீழே என் முழுப் பெயரை எழுதியிருக்கிறேன்.